நாலு வகைப் புளிப்பு

வால்யா நியாக்ரா,
19 ஜனவரி 1974

அன்புள்ள ப்ரொஃபீரா அக்காவுக்கு,

காசியன் எழுதுவது. நான் நலம். உங்கள் கால்வலி, விறகு, அந்த ஊர்ப் பனி எல்லாவற்றையும் முறைப்படி விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கை அக்லாயாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது உண்மை இல்லாததால் பேனா நகரவில்லை.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் ஒரு வரிகூட எழுதிக்கொண்டதில்லை. காரணம் எனக்குத் தெரியாது, இப்போது அதைக் கேட்கவும் இல்லை. கேட்க வந்தது வேறு.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். காய்ச்சல் போய்விட்டது, கூடவே மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெங்காயம், பூண்டு, மண்ணெண்ணெய், என் பூட்ஸ், எதுவும் அவளுக்கு மணக்கவில்லை, நாறவும் இல்லை. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். இதைச் சொல்ல ஏழு வருடம் படித்திருக்கிறார்.

அக்லாயா இங்கே சுரங்கத் தொழிலாளர் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் மொல்டாவியப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவள் வைக்கும் சொர்பாவுக்காகவே, அந்தப் புளிப்புச் சூப்புக்காகவே, வரிசையில் நிற்பவர்கள். மூக்குப் போனது தெரிந்தால் அவளை உருளைக்கிழங்கு உரிக்கும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி நடந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அதனால் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். இதோ உங்களிடம் சொல்லிவிட்டேன்.

தினமும் காலையில் நான் வேலை பார்க்கும் கொதிகலன் கூடத்திலிருந்து பின்வாசல் வழியாகப் போய், அண்டாவில் கரண்டி விட்டு, சரியா தப்பா என்று நான்தான் சொல்கிறேன். நான் இந்த மலைக்காரன். எனக்குச் சரியாக இருப்பது அவர்களுக்குச் சரியாக இல்லை. முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது.

கேள்வி இதுதான். வினிகர், எலுமிச்சை உப்பு, ஊறிய முட்டைக்கோஸ் பீப்பாயின் தண்ணீர், நீங்கள் கோதுமைத் தவிட்டைப் புளிக்கவைத்து எடுக்கும் போர்ஷ். நான்கும் புளிப்பு. என்ன வித்தியாசம்? எதற்கு எது? ‘அது கைப்பக்குவம்’ என்று எழுதாதீர்கள். நீங்கள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர், அப்படி எழுத மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறேன்.

பதிலைக் கொதிகலன் கூடத்து முகவரிக்கு அனுப்புங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
காசியன்


பொடொஷானி,
2 பிப்ரவரி 1974

மாப்பிள்ளை காசியனுக்கு ப்ரொஃபீரா எழுதுவது.

நான் சுகம். கால் வலிக்கிறது, விறகு போதும். உங்கள் கடிதத்தை கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக் கழற்றுமுன்பே நின்றபடி படித்துவிட்டு, உட்கார்ந்து மறுபடி படித்தேன்.

வினிகர் நாக்கின் நுனியைக் கடித்துவிட்டு ஓடிவிடும். மூக்குக்குள்ளும் ஊசி மாதிரி ஏறும். அது மணம் இல்லை, வலி. ஆகவே அக்லாயாவுக்கும் அது தெரியும், கேட்டுப் பாருங்கள். கொழுப்பும் பூண்டும் இருக்கிற குடல் சொர்பாவுக்கு வினிகர். கொழுப்பை வெட்டுவதற்கு வேகமாக ஓடுகிற புளிப்புதான் வேண்டும்.

எலுமிச்சை உப்பு கன்னத்தை உள்ளே இழுக்கும், பல்லைக் கூசவைக்கும். நேராக வரும், நேராக நிற்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. வேறு எதுவும் கிடைக்காத நாளுக்கு அது.

கோஸ் பீப்பாய்த் தண்ணீரில் உப்பு முந்திக்கொள்ளும், புளிப்பு அதன் பின்னால் வரும். அதை ஊற்றுகிற அன்று வேறு உப்புப் போடக் கூடாது. மீனுக்கும் புகையூட்டிய இறைச்சிக்கும் அது.

போர்ஷ் அவசரப்படாது. நாக்கின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்துகொள்ளும். மாவின் கனம் கொஞ்சம் இருக்கும். விழுங்கிய பிறகு வாய் காயாது, ஊறும். கறி உருண்டை சொர்பா, கோழி, காய்கறி எல்லாவற்றுக்கும் அதுதான். உங்கள் கேன்டீன்காரர்கள் கேட்பதும் அதுதான். அதில் நீங்கள் உங்கள் ஊர் வழக்கப்படி தார்ஹோன் இலையையும் புளித்த பாலேட்டையும் போட்டுவிட்டுச் சரி என்றிருப்பீர்கள். முணுமுணுத்ததோடு விட்டார்களே என்று சந்தோஷப்படுங்கள்.

எந்தப் புளிப்பானாலும் காய் வெந்த பிறகே ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றினால் கிழங்கு கல்லாகவே இருக்கும். கடைசியில் லெவுஷ்தியான் கீரை. தண்டை ஒடித்தால் சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் பழசு.

இன்னும் சில. பால் கெட்டதா என்று நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் அடுப்பை அணைத்தபின் குமிழைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், அணைத்த நினைவை நம்பக் கூடாது. சட்டையைக் கிழமை வைத்து மாற்ற வேண்டும். எண்ணெய் காய்ந்துவிட்டதை முதலில் காது சொல்லும்.

அவள் தூங்குகிறாளா?

ப்ரொஃபீரா


வால்யா நியாக்ரா,
11 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அப்படியே இருங்கள். அவள் தூங்குகிறாள், ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பி.

உங்கள் கடிதத்தைப் போல ஒரு தொழில்நுட்ப அறிக்கையை எங்கள் தலைமைப் பொறியாளர்கூட எழுதியதில்லை. சோதித்துப் பார்த்தேன். கொதிகலன் தண்ணீரின் அமிலத்தைப் பார்க்க எங்களிடம் நிறம் மாறும் தாள் இருக்கிறது. மூன்று ஜாடியில் வெந்நீர். ஒன்றில் வினிகர், ஒன்றில் எலுமிச்சை உப்பு, ஒன்றில் கோஸ் தண்ணீர். மூன்றும் தாளில் ஒரே நிறம் காட்டும் வரை கலந்தேன். தாளைக் கேட்டால் மூன்றும் ஒன்றுதான்.

அக்லாயா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இது குத்துகிறது என்றாள், வினிகர். இது பல்லைக் கூசவைக்கிறது என்றாள், எலுமிச்சை உப்பு. மூன்றாவதை வாயில் வைத்ததுமே உப்பு என்றாள். மூன்றும் சரி. நான் ஒரு மாதமாக அவளை உடைந்துபோன அளவுமானி மாதிரி நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று ராத்திரி அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அதற்காக உங்களுக்கு நன்றி. எனக்கு இந்தச் சொல் எளிதில் வராது. வந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டாள். ஒரு பத்திரிகையில் மருந்துக் கடைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார் என்றேன். பாதி உண்மை என்பதால் முகம் சிவக்காமல் சொல்ல முடிந்தது.

ஆனால் கேன்டீனில் நிலைமை மோசம். பழைய தொழிலாளி மிஹாலாக்கே, உங்கள் மாவட்டத்துக்காரர், நேற்றுத் தட்டைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். கத்தவில்லை. துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: “அம்மணி, இது சொர்பா இல்ல. காய்ச்சக்காரனுக்குக் குடுக்குற கஷாயம். நான் என்னம்மா தப்பு பண்ணேன் உனக்கு?” அவள் சிரித்துச் சமாளித்துவிட்டு, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கேன்டீன் மேலாளர் தோழர் தொதொரான் மே மாதம் பிறக்கும்வரை பார்க்கிறேன் என்றிருக்கிறார். அதற்குப் பிறகும் புகார் வந்தால் வேறு ஆள். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பிரச்சினை, கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம்.

போர்ஷ் வேண்டும். இங்கே யாருக்கும் அதைப் புளிக்கவைக்கத் தெரியாது, உறை கிடையாது. அவள் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த உறை காய்ச்சலில் கிடந்தபோது கெட்டுப்போய்விட்டது. அங்கிருந்து உறை அனுப்புங்கள், செய்முறையோடு. சீக்கிரம்.

காசியன்


வால்யா நியாக்ரா,
4 மார்ச் 1974

அக்காவுக்கு,

நலம். நலமா?

மூன்று வாரமாகப் பதில் இல்லை. முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள், வேறு வழி பார்க்கிறேன். வேறு வழி எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். தங்கைமேல் உள்ள கோபத்தை உறைமேல் காட்டாதீர்கள்.

காசியன்


பொடொஷானி,
9 மார்ச் 1974

மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். உங்கள் அவசரமும் சுகமாக இருக்கிறது என்று தெரிகிறது.

இந்தக் கடிதத்துக்கு முன்பே ரயிலில் வரும் கார்டு ஒருவர் உங்களிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருப்பார். உள்ளே காய்ந்த அடைகளாக இருப்பது உறை. தாமதத்துக்குக் காரணம், அக்லாயா போன பிறகு இந்த வீட்டில் போர்ஷ் வைத்ததே இல்லை. உறைக்காகத் தெருவில் வீடு வீடாகப் போனேன். பல வருடம் பார்த்தும் பேசாமல் போன பெண்களிடம் போய் நின்றேன். முதல் வீட்டில் கிடைத்தது தங்கைக்கு அனுப்பும் தரத்தில் இல்லை என்று இரண்டாவது வீட்டுக்காரி சொன்னாள். இரண்டாவது வீட்டைப் பற்றி மூன்றாவது வீட்டுக்காரி அதையே சொன்னாள். மூன்றாவதைத்தான் அனுப்பியிருக்கிறேன். தங்கைமேல் எனக்குக் கோபம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபம் இருந்ததே இல்லை.

செய்முறை: ஜாடியில் கோதுமைத் தவிடு, அதில் நாலில் ஒரு பங்கு சோளமாவு. கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறி ஆறவிட வேண்டும். கை பொறுக்கும் சூடு வந்த பிறகே, கவனியுங்கள், அதற்குப் பிறகே உறையைக் கரைத்து விட வேண்டும். செர்ரி மரக் குச்சி ஒன்று போடலாம். மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் நுரை கட்டிப் புளிக்கும். மேல் நீரை வடித்துவிட்டு அடியில் நிற்பதை அடுத்த உறையாக வைத்துக்கொள்ளுங்கள். சொர்பாவில் ஊற்றுமுன் போர்ஷைத் தனியாக ஒரு கொதி விட்டு நுரையை எடுக்க வேண்டும்.

இன்னொன்று. உறையை விடும்போது, போர்ஷ் வைக்கிறவள் வீட்டில் யாராவது ஒருவரின் தலைமுடியைப் பிடித்து நன்றாக இழுக்க வேண்டும். இழுபட்டவர் நிஜமாகவே கத்தினால்தான் புளிப்பு ஏறும். எங்கள் வீட்டில் இழுத்தது அவள், இழுபட்டது நான். நீங்கள் படித்தவர், சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுத் தலையைக் குனியுங்கள்.

ப்ரொஃபீரா


வால்யா நியாக்ரா,
27 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போன கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பொட்டலம் வந்தது. ரயில் கார்டு ஒருவரிடம் சொல்லி வரவழைத்தேன் என்று அக்லாயாவிடம் சொல்லிவைத்தேன். எங்கள் தொழிலில் குழாய்க்குள் போகிற எதையும் முதலில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வோம். பல வீட்டுக் கைபட்ட உறை, ரயிலில் வேறு வந்திருக்கிறது. அக்லாயா வேலையிலிருந்து வருவதற்குள் பாதி அடையை எடுத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். நான்கு நாள் காத்திருந்தோம். கிடைத்தது சுவரொட்டி ஒட்டுகிற பசை. நீங்கள் ‘கவனியுங்கள்’ என்று எழுதியது அதற்கு மறுநாள்தான் தபாலில் வந்தது என்பதால் தவறில் பாதி தபால்துறையுடையது.

மீதிப் பாதியை அக்லாயாவே வைத்தாள். கடிதத்தைக் காட்டாமல், பத்திரிகையில் இப்படி ஒரு மூடநம்பிக்கையும் போட்டிருக்கிறது என்று தலைமுடி விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு ஒரு பிடி பிடித்து இழுத்தாள் பாருங்கள், மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். அவள் சிரித்து நான் பார்த்து மூன்று மாதமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் இழு என்று சொல்லத் தோன்றியது.

புளித்தது. தாளில் வினிகர் ஜாடியின் அதே நிறம்தான். வாயில் வைத்தால் நீங்கள் எழுதியது போலவே நாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தது. கேன்டீனில் வியாழக்கிழமை கறி உருண்டை சொர்பா. மிஹாலாக்கே சாப்பிட்டுவிட்டு, ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றுவிட்டு, “என்னமோ குறையுது. ஆனா வீட்டுக்குப் பாதி வழி வந்துட்டேன்” என்றார். கீரையை அளவாகத்தான் போட்டேன் என்கிறாள் அக்லாயா. அளவு எது என்று மூக்குதான் சொல்ல வேண்டும், என் மூக்கு அந்தக் கீரைக்குப் பழகவில்லை.

அன்று ராத்திரி அவள் கேட்டாள், தலைமுடி இழுப்பதை எந்தப் பத்திரிகையில் போட்டான் என்று. உங்கள் கடிதங்களை எடுத்துக் கொடுத்துவிட்டேன். முழுதும் படித்தாள். அவள் கோபம் ஜாடியில் இருந்த போர்ஷை விட அதிகமாகவே நுரைத்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், திரித்தால் உங்களுக்கு உபயோகப்படாது:

“வருஷக்கணக்கா என் கையால சாப்பிட்டா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. எப்படி இருக்குக்கான்னு வாயத் தொறந்து கேப்பேன். ம்ம்னு மாத்திரை முழுங்குற மாதிரி முழுங்கிட்டு எழுந்து போயிடுவா. இப்ப உனக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதறாளா?”

காரணம் இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வேறு ஒன்று இடிக்கிறது. உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். நாக்கின் நுனி, ஓரம், கன்னம், பல், காது, கை எல்லாம் இருக்கிறது. மணம் என்று ஒரு சொல் கிடையாது. வினிகரைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘அது மணம் இல்லை’ என்கிறீர்கள். லெவுஷ்தியான் கீரையைப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு அதன் மணத்தைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் தண்டு ஒடியும் சத்தத்தைச் சொல்கிறீர்கள். பாலை நாக்கில் வைத்துப் பார், குமிழைத் தொட்டுப் பார், சட்டையைக் கிழமை வைத்து மாற்று. மூக்கு இருக்கிற யாருக்கு இதெல்லாம் தெரியும்?

சுற்றி வளைக்க எனக்கு வராது. அக்கா, உங்களுக்கு மணம் தெரியுமா?

காசியன்


பொடொஷானி,
18 ஏப்ரல் 1974

மாப்பிள்ளை காசியனுக்கு,

ஈஸ்டர் கடந்துவிட்டது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்ற வாழ்த்தைத் தாமதமாக ஏற்றுக்கொள்ளுங்கள். நான் சுகம்.

தெரியாது.

பன்னிரண்டு வயதில் எனக்குச் செங்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அம்மா லிலாக் பூக்கொத்து ஒன்றை முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆஹா என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. அம்மா காலமான பிறகு நான் மருந்தியல் பள்ளியில் சேர விண்ணப்பித்தேன். மணம் தெரியாதவளை அங்கே எடுக்க மாட்டார்கள் என்று பயந்தேன். பாட்டில் சீட்டை மூன்று முறை படிக்கும் பழக்கம் அப்படி வந்தது. கடையில் என்னை மிகவும் கவனமானவள் என்கிறார்கள்.

வீட்டில் அடுப்பு அக்லாயாவின் கைக்குப் போனது. சின்னப் பெண், ஸ்டூல் போட்டு ஏறிக் கிளறுவாள். கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். எப்படி இருக்குக்கா என்பாள். எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உப்பு இருக்கும், புளிப்பு இருக்கும், சூடு இருக்கும். அவள் கேட்பது அவற்றை அல்ல என்று தெரியும். லிலாக் பூவுக்குச் சொன்ன பொய் ஒன்று போதும், அவளிடமும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பொய் ஆகாது என்று நினைத்தேன்.

சாப்பிடும்போது நாக்கில் என்னென்ன நடக்கிறது என்று தினமும் கவனிப்பேன். ஒருநாள் அவளிடம் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று சேர்த்துவைத்தேன். நீங்கள் வந்து கேட்டீர்கள், உங்களிடம் சொன்னேன். கேட்டதற்கு நன்றி. இவ்வளவு வருடத்தில் புளிப்பு என்றால் என்ன என்று என்னை யாரும் கேட்டதில்லை.

இதை அவளுக்குப் படித்துக் காட்டலாம். காட்டாமல் இருக்க முடியும் ஆள் நீங்கள் இல்லை.

ப்ரொஃபீரா


வால்யா நியாக்ரா,
4 மே 1974

அன்புள்ள அக்காவுக்கு,

மெய்யாகவே உயிர்த்தெழுந்தார். நாங்கள் நலம். இந்த முறை அது முழு உண்மை.

படித்துக் காட்டினேன். லிலாக் பூ வந்த இடத்தில் அவள் எழுந்துபோய், கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களை இறக்கி மறுபடி கழுவ ஆரம்பித்தாள். நிறுத்தட்டுமா என்றேன். படி என்றாள். முடித்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நான்தான் போய் மூடினேன். “அவளும் பன்னெண்டு வயசுலேர்ந்து மூடிவச்சா. நானும் டிசம்பர்லேர்ந்து மூடிவச்சிருக்கேன். எங்க குடும்பத்துக்கு வேற வேல இல்ல” என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் காலை நான் வழக்கம்போலக் கரண்டியோடு பின்வாசலில் நின்றேன். வேண்டாம், போய் உன் கொதிகலனைப் பார் என்றாள். போகவில்லை. ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வந்து வரிசை நின்றதும், அவள் பரிமாறும் ஜன்னல் கதவை முழுதாகத் தூக்கிவிட்டாள். தோழர் தொதொரான் பக்கத்தில்தான் நின்றார். மே பிறந்துவிட்டதே, கணக்கு முடிக்க வந்திருந்தார்.

“என் மூக்கு செத்துப்போச்சு” என்றாள், அண்டாவில் தட்டிக் கூப்பிடுகிற குரலில். “கிறிஸ்துமஸ்லேர்ந்து ஒண்ணும் தெரியல. உப்பு, புளிப்பு, வேக்காடு இதெல்லாம் நான் பாத்துக்கறேன், அதுல யாரும் வாலாட்ட வேணாம். வாசனைய மட்டும் உங்கள்ல ஒருத்தர் வந்து பாத்துச் சொல்லணும்.”

மிஹாலாக்கேதான் முதலில் வாயைத் திறந்தார்.

“அப்ப பிப்ரவரியில நாங்க குடிச்சத யாரும்மா ருசி பாத்தது?”

“என் வீட்டுக்காரர்.”

“அதானே பாத்தேன். மலைக்காரன் நாக்கு” என்றார். வரிசை முழுதும் சிரித்தது. நான் கொதிகலன் கூடத்துக்குப் போயிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

மிஹாலாக்கே தொப்பியைக் கழற்றிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். குழாயில் முழங்கைவரை கழுவினார். உள்ளே வந்து அண்டாமேல் குனிந்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் நின்றார். கீரை போதவில்லை என்றார். அவள் ஒரு பிடி போட்டாள். இன்னும் என்றார். இன்னொரு பிடி. பிறகு அவர் நிமிரவே இல்லை. என்ன என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினார், சரியாக இருக்கிறது என்று. கண் ஆவியினால் நனைந்தது என்று பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோழர் தொதொரான் ஒரு தட்டு வாங்கிக் கடைசி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். எழுந்து வந்து, சமையலறைக்குள் வருகிறவன் யாராக இருந்தாலும் கை கழுவ வேண்டும், அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள் என்றார். உருளைக்கிழங்கு அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் இடம் அவளுக்குத்தான்.

அக்கா, நான் பெற்றது எதையும் திருப்பிக் கொடுக்கத் தெரியாதவன். தகவல் கேட்டேன், நீங்கள் உங்களையே அனுப்பிவைத்தீர்கள். இதற்கு மேல் எழுதினால் உளறுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சடங்குக்காகச் சொல்லவில்லை.
காசியன்


வால்யா நியாக்ரா,
12 மே 1974

ப்ரொஃபீரா அக்காவுக்கு அக்லாயா எழுதிக்கொள்வது.

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிகிறது, அதற்கப்புறம் எப்படி என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்தாயிற்று. காசியன் பக்கத்தில் நின்றுகொண்டு விஷயத்துக்கு வா, விஷயத்துக்கு வா என்கிறான். வெளியே அனுப்பிவிட்டேன்.

இங்கே மூக்குக்குச் சண்டை. இன்று யார் முறை என்று வரிசையில் அடித்துக்கொள்கிறார்கள். ஒருவன் இன்னும் கொஞ்சம் பூண்டு என்பான், அடுத்த நாள் வருகிறவன் நேற்று வந்தவன் மடையன் என்பான். குடிக்கிறவன் வந்தால் உள்ளே விடுவதில்லை என்று அவர்களே தீர்மானம் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை இன்னும். ஆனால் நீ எழுதினாயே, எண்ணெய் காய்வதைக் காது சொல்லும் என்று, சொல்கிறது. இத்தனை வருடம் சமைத்தும் நான் அதைக் கேட்டதே இல்லை.

உனக்குத் தெரியாமல் நான் உன்னை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று காசியனுக்குத் தெரியும், அவன் எழுதியும் விட்டான். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் செய்து நீ சாப்பிட்டதில் ஏதாவது ஒன்று, எதுவானாலும், உனக்குப் பிடித்திருந்ததா? எனக்காக ஒன்றை இட்டுக்கட்டாதே. இல்லை என்றால் இல்லை என்று எழுது, தாங்கிக்கொள்வேன். இப்போதெல்லாம் எனக்கும் எதுவும் ருசிப்பதில்லை, அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

இந்தக் கோடையில் லீவு கிடைக்குமா உனக்கு? எங்களிடம் மடக்குக் கட்டில் இருக்கிறது.

அக்லாயா


பொடொஷானி,
23 மே 1974

என் அக்லாயாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நேற்றுக் கடையில் எல்லார் முன்னிலையிலும் ஒரு பாட்டிலை எங்கள் புதுப் பெண்ணிடம் நீட்டி, இது என்ன மணக்கிறது பார், எனக்கு மூக்கு கிடையாது என்றேன். கிராம்பு என்றாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

பிடித்திருந்தது ஒன்று உண்டு. மாமலிகா கிளறி இறக்கிய பிறகு சோளக்களி சட்டியின் அடியில் பிடித்து, காய்ந்து, தகடு மாதிரி எழும்பி நிற்குமே, அது. நீ அதை ஊறவைத்துக் கோழிக்குப் போடுவாய். நீ முற்றத்துக்குப் போன நேரம் பார்த்து நான் சட்டியைச் சுரண்டுவேன். ஒடித்து வாயில் வைத்தால் முதலில் விரலில் கேட்கும், பிறகு பல்லில், பிறகு காதுக்குள்ளே. நொறுங்கி முடிந்ததும் கொஞ்சம் இனிக்கும். மற்றவர்களுக்குச் சாப்பாடு எப்படி இருக்கிறதோ எனக்குத் தெரியாது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கோழிக்கு ஏன் குறைகிறது என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஜூலையில் லீவு. கட்டிலைப் போட்டு வை. சட்டியைக் கழுவாதே. ரொம்ப நன்றாக இருந்தது, அக்லாயா.

ப்ரொஃபீரா